புள்ளி விழாத குட்டிக்கும் ஒரு பதிவு எண்

அப்பலூசா என்ற அமெரிக்கக் குதிரை இனத்தின் பதிவுப் பத்திரத்தில் எண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். '#' என்று போட்டிருந்தால் முழு உரிமையுள்ள குதிரை. அந்த இடத்தில் ஆங்கில 'என்' எழுத்து இருந்தால், வம்சம் சரிதான், ஆனால் இனத்துக்குரிய அடையாளம் உடம்பில் இல்லை என்று அர்த்தம். இங்கே குதிரைக்காரர்கள் 'என்-பேப்பர்' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

அப்பலூசா என்றாலே புள்ளிக் குதிரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இடுப்புக்கு மேல் வெள்ளை, வெள்ளைக்குள் கரும்புள்ளி, அல்லது தலை முதல் வால் வரை புள்ளி. ஆனால் அப்பாவும் அம்மாவும் புள்ளியோடு இருக்க, குட்டி மட்டும் ஒரே பழுப்பாகப் பிறப்பது அபூர்வமே இல்லை. அந்தக் குட்டியை என்ன கணக்கில் சேர்ப்பது என்று அமெரிக்காவில் எண்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் அக்கறை வந்தது நான் இருக்கும் இடத்தால். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரம், பலூஸ் மலைச்சரிவுகள். எல்லையைத் தாண்டினால் ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ, இந்த இனத்தின் பதிவேட்டை நடத்தும் அப்பலூசா ஹார்ஸ் கிளப்பின் தலைமையகம் அங்கேதான். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் சின்னதாகக் குதிரைப் பண்ணை வைத்திருக்கிறார். குதிரை பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, கம்ப்யூட்டர்தான் ஆகாது. படம் எடுப்பது, படிவம் நிரப்புவது, முடிமாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது எல்லாம் என் வேலை. குதிரை ஏறத் தெரியாத ஒருவன் குதிரைக்குக் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன பருவத்துக் குட்டி ஒன்று. தாய் அப்பலூசா, பின்புறம் பூராவும் புள்ளி. தந்தை குவார்ட்டர் ஹார்ஸ் என்ற வேறு இனம். குட்டியோ மூக்கிலிருந்து வால் வரை ஒரே செம்பழுப்பு, நெற்றியில் விரல் நகம் அளவு ஒரு வெள்ளை. விண்ணப்பத்துக்கு நாலு பக்கமும் படம் வேண்டும். குட்டி நாலு நொடி நிற்காது. ஒருவர் தாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குட்டியின் மார்பிலும் பின்னங்காலிலும் கை கொடுத்து நிறுத்த, நான் குனிந்து நிமிர்ந்து எடுத்தேன். அப்புறம்தான் தேடுதல். அந்த அம்மாள் குட்டியின் மூக்கைத் தன் பக்கம் திருப்பி, உதட்டோரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். கருப்புத் தோலில் இளஞ்சிவப்பு கலந்து திட்டுத்திட்டாக இருக்கிறதா? இல்லை. கண்ணைச் சுற்றி? இல்லை. வாலைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் ஒரே கருப்பு. குளம்புகளைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மேலிருந்து கீழாக வெளிர் கோடுகள் ஓடினால் அது ஓர் அடையாளம். ஒரு காலில் லேசாக ஏதோ தெரிந்தது போலிருந்தது, துடைத்ததும் போய்விட்டது.

இந்தத் தேடுதலுக்குக் காரணம் கிளப்பின் விதி. நாலு அடையாளங்களை அவர்கள் ஏற்கிறார்கள். முதலாவது, பார்த்தவுடன் தெரியும் மேனிப் புள்ளி. இரண்டாவது, நான் சொன்ன திட்டுத்தோல். மூன்றாவது, மனிதக் கண்ணைப் போல விழியைச் சுற்றி வெள்ளை தெரிவது. நான்காவது, கோடு போட்ட குளம்பு. மேனியில் புள்ளி இருந்தால் வேறு கேள்வி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் திட்டுத்தோலும், கூடவே கண் வெள்ளையோ குளம்புக் கோடோ ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும். அதிலும் நுணுக்கம் உண்டு. பஞ்சகல்யாணி மாதிரி காலில் வெள்ளை ஏறிய குதிரைக்குக் குளம்பு வெளுத்துக் கோடு விழுவது சகஜம் என்பதால் அந்தக் கோடு செல்லாது. முகம் பூராவும் வெள்ளையாக இருந்தால் கண் வெள்ளையும் அப்படியே. இதையெல்லாம் யோசித்து எழுதியவர்கள் குதிரையை நெருங்கிப் பார்த்தவர்கள்தான், சந்தேகமில்லை.

நம் குட்டிக்கு ஒன்றும் தேறவில்லை. ஆகவே 'என்'.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு விடை இப்போது தெளிவாகவே இருக்கிறது. அப்பலூசாவின் அடையாளம் அத்தனைக்கும் மூலம் லெப்பர்ட் காம்ப்ளெக்ஸ் என்ற ஒரே மரபணு மாற்றம், சுருக்கமாக எல்பி. டிஆர்பிஎம்1 என்ற மரபணுவுக்குள் என்றைக்கோ ஒரு ரெட்ரோவைரஸ் துண்டு நுழைந்து உட்கார்ந்ததன் விளைவு அது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். தாயிடம் எல்பி ஒரே பிரதி, தந்தையிடம் இல்லை என்றால் குட்டிக்கு அது கிடைப்பது காசு சுண்டுவதுதான். இரண்டு பேரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தாலும் நாலில் ஒன்று வெறுங்கையோடு பிறக்கும். குவார்ட்டர், தரோபிரெட், அரபுக் குதிரைகளோடு கலக்கக் கிளப்பே அனுமதிக்கிறது. கலக்கச் சொல்லிவிட்டு, கலந்ததன் கணக்குப்படி புள்ளியில்லாமல் பிறந்த குட்டியைப் பார்த்து முகம் சுளிப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இன்னும் சுவாரசியம் அடுத்த மரபணுவில். புள்ளி தெரிய வேண்டுமானால் வெள்ளைப் பரப்பு வேண்டும். அந்த வெள்ளை உடம்பில் எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பேட்டர்ன்-1 என்ற வேறொரு மரபணு. எல்பி இல்லாமல் அது வாயே திறக்காது. அதாவது, ஒரே பழுப்பாக நிற்கும் 'என்' குதிரை ஒன்று பேட்டர்ன்-1-ஐ உள்ளே வைத்துக்கொண்டு சும்மா நிற்கலாம். எல்பி உள்ள துணையோடு சேர்த்தால் உடம்பு முழுக்கப் புள்ளி போட்ட குட்டி அதற்குப் பிறக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. எல்பி இரண்டு பிரதி, கூடவே பேட்டர்ன்-1 இருந்தால் குதிரை கிட்டத்தட்ட வெள்ளையாகப் பிறக்கும், புள்ளி அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஃப்யூஸ்பாட் என்பார்கள். எந்தத் துணையோடு சேர்ந்தாலும் எல்பியைத் தவறாமல் தருகிற குதிரை இது. ஆனால் தன் மேனியில் புள்ளி அநேகமாக இல்லாத குறை. புள்ளிக்காக ஒரு இனப் பதிவேட்டை நடத்துபவர்களுக்கு இயற்கை இப்படியும் ஒரு விளையாட்டு காட்டியிருக்கிறது.

அந்த இரட்டைப் பிரதிக் குதிரைகளுக்கு இன்னொரு சிக்கல். இருட்டில் கண் தெரியாது. பிறவியிலேயே மாலைக்கண். அதே டிஆர்பிஎம்1 விழித்திரையிலும் வேலை செய்ய வேண்டிய மரபணு என்பதால் வரும் வினை. இதுபோக, அப்பலூசாக்களுக்குத் திரும்பத் திரும்பக் கண் அழன்று பார்வை போகும் நோய் மற்ற இனங்களைவிட எட்டு மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். அதிலும் எல்பிக்குப் பங்குண்டு. எல்பி இல்லாத நம் செம்பழுப்புக் குட்டிக்கு மாலைக்கண் பயம் இல்லை. கண் நோய் ஆபத்தும் குறைவு. பத்திரத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது.

'என்' போட்டுவிட்டால் குதிரையைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்றில்லை. தனியாக ஒரு அனுமதி வாங்கினால் போட்டியில் கலந்துகொள்ளலாம். இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தத்தான் கட்டுப்பாடு: பெற்றோர் யார் என்று டிஎன்ஏ சோதனையில் உறுதி செய்ய வேண்டும், துணையும் முழுப் பதிவுள்ள அப்பலூசாவாக இருக்க வேண்டும். குட்டி வளர வளர அடையாளம் தோன்றினால் மறுபடி விண்ணப்பித்து '#'-க்கு உயரவும் வழி இருக்கிறது. அது வெறும் ஏட்டுச் சலுகை இல்லை. எல்பி உள்ள குதிரை சில சமயம் ஒரே நிறமாகப் பிறந்து, வயது ஏற ஏற உடம்பெங்கும் வெள்ளை முடி ஓடி, எலும்பு துருத்தும் இடங்களில் மட்டும் கருமை நிற்கும். வார்னிஷ் ரோன் என்பார்கள். பிறந்தபோது எடுத்த படத்தையும் ஆறாம் வயதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குதிரை என்று நம்ப முடியாது. ஆகவே முடிமாதிரிச் சோதனை செய்யாமல் பிறந்த குட்டியின் மேனியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது எனக்கு அவசரமாகப் படுகிறது.

சரி, இந்த விதி எங்கிருந்து வந்தது? அதைப் பார்த்தால் விதி எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் தணிகிறது.

இந்தக் குதிரைகளை வளர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். 1806 பிப்ரவரியில், அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய ஆய்வுப் பயணத்தின் தலைவர் மெரிவெதர் லூயிஸ் தன் நாட்குறிப்பில் இப்பகுதிப் பழங்குடிகளின் குதிரைகளைப் பற்றி எழுதுகிறார். நல்ல உடற்கட்டு, வேகம், தாக்குப்பிடிக்கும் வலு என்று பாராட்டுகிறார். சில குதிரைகளுக்குப் பெரிய பெரிய வெள்ளைத் திட்டுகள் என்கிறார். அதே மூச்சில், மிகப் பெரும்பாலானவை ஒரே நிறம், நெற்றியிலும் மூக்கிலும் காலிலும் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான் என்கிறார். பண்ணையில் நிற்கும் குட்டியை அப்படியே வர்ணித்த மாதிரி இருக்கிறது. நெஸ் பெர்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்தது ஓட்டத்தை. புள்ளி அதோடு வந்த ஒன்று.

1877-ல் அமெரிக்க ராணுவம் அவர்களைத் துரத்தியது. ஆயிரம் மைலுக்கு மேல் ஓடி, கனடா எல்லைக்கு நாற்பது மைல் தொலைவில் அக்டோபர் 5 அன்று சரணடைந்தார்கள். குதிரைகள் பறிக்கப்பட்டன, விற்கப்பட்டன, சிதறின. அதற்குப் பிறகு அறுபது வருடம் இவற்றுக்கு வம்சாவளி எழுதி வைத்தவர் யாரும் இல்லை. 1938-ல் ஆரெகனைச் சேர்ந்த கிளாட் தாம்சனும் அவர் கூட்டாளிகளும் கிளப்பை ஆரம்பித்தபோது கையில் எந்த ஏடும் கிடையாது. பண்ணை பண்ணையாகத் தேடியபோது இது அந்தப் பழைய ரத்தம் என்று காட்ட ஒரே சாட்சிதான் இருந்தது: மேனி. அன்றைக்குப் புள்ளிதான் பத்திரம். வேறு எதை வைத்து அவர்கள் பதிவேடு எழுதியிருக்க முடியும்?

ஆனால் இன்று பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய முப்பது நாற்பது முடி போதும், அப்பா அம்மா யார் என்று சொல்லிவிடுகிறார்கள். சாட்சி மாறிவிட்டது. விதி மட்டும் பழைய சாட்சியையே கூண்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இதுதான் என் குறை.

மேனியில் பெரிய வெள்ளைத் திட்டுகள் கொண்ட பெயிண்ட் குதிரைகளின் கதை இதைவிட வேடிக்கை. அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷன் 1940-ல் தொடங்கியது. அவர்களுக்கு வெள்ளை அதிகம் ஆகாது. முழங்காலுக்கு மேல், முகத்தில் ஒரு கற்பனைக் கோட்டுக்கு அப்பால் வெள்ளை போனால் பதிவு கிடையாது. கலப்படம் என்று சந்தேகம். ஆனால் சுத்தமான இரண்டு குவார்ட்டர் குதிரைகளுக்கே வயிற்றில் பெரிய வெள்ளைத் திட்டோடு குட்டி பிறக்கும். கிராப்-அவுட் என்று பெயர். சில பண்ணைகளில் அதை யாருக்கும் சொல்லாமல் அப்புறப்படுத்தினார்கள். அப்படித் தள்ளப்பட்ட குதிரைகளை விரும்பியவர்கள் 1962-ல் தனிச் சங்கம் கண்டார்கள். 1965-ல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து அது அமெரிக்கன் பெயிண்ட் ஹார்ஸ் அசோசியேஷன் ஆனது.

ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீடு. அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று வாசலில் அளவுகோல் வைத்தது! பெயிண்ட் என்று முழுப்பதிவு வேண்டுமானால், குறித்த பகுதியில் குறைந்தது இரண்டு அங்குலத்துக்காவது வெள்ளை முடி, அதன் கீழே இளஞ்சிவப்புத் தோல் இருக்க வேண்டும். முடியை நனைத்து, தோலைப் பார்த்து, அளவுநாடா பிடித்துப் படம் எடுத்து அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு அங்குலம் தேறாத குட்டிகளை வெகுகாலம் 'இனப்பெருக்க இருப்பு' என்ற தலைப்பில் வைத்திருந்தார்கள், பிறகு 'சாலிட் பெயிண்ட்-பிரெட்', அதாவது ஒரே நிறப் பெயிண்ட் வாரிசு, என்று பெயர் மாறியது. அங்கே வெள்ளை அதிகமாகிவிட்டது என்று துரத்தினார்கள், இங்கே வெள்ளை போதவில்லை என்று பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். குதிரைக்கு இதெல்லாம் தெரியாது என்பது ஒரு நிம்மதி.

குவார்ட்டர் சங்கம் 2004-ல் தன் வெள்ளை விதியை எடுத்துவிட்டது. பெற்றோர் இன்னார் என்று டிஎன்ஏ சொன்ன பிறகு கலப்படம் என்று சொல்ல வாய் ஏது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை போலும். வரம்பு மீறிய வெள்ளை உள்ள குதிரையின் பத்திரத்தில் இது இனத்துக்கு வழக்கமில்லாத, விரும்பத்தகாத அடையாளம் என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். 1993-ல் பிறந்த கர்னல்ஸ் ஸ்மோக்கிங் கன், எல்லோரும் கன்னர் என்று அழைத்த பொலிகுதிரை, இப்படித்தான் வெள்ளை கூடிப்போய் முதலில் பெயிண்டாகப் பதிவானது. முகம் பூரா வெள்ளை, காதும் கேட்காது. ரெய்னிங் என்ற, ஓட்டுபவரின் குறிப்புக்கேற்ப ஓடிச் சுழன்று நிற்கும் போட்டிகளில் அது சாதித்ததையும், அதன் குட்டிகள் சாதித்ததையும் பார்த்த பிறகு, விதி தளர்ந்ததும் குவார்ட்டர் பதிவேட்டிலும் இடம் பிடித்தது. குதிரை அதே குதிரைதான்.

இதுவரை சொன்னது மானம் மரியாதை சம்பந்தப்பட்டது. இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. அடையாளமில்லாத குதிரையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பெயிண்ட் நிறவகைகளில் ஃப்ரேம் என்று ஒன்று. முதுகுக்கோட்டைத் தாண்டாமல், பக்கவாட்டில் வெள்ளை. ஒரு பிரதி இருந்தால் குதிரைக்கு ஒரு கேடும் இல்லை, அழகுதான். ஆனால் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால், நாலில் ஒரு குட்டிக்கு இரண்டும் சேர்ந்துவிடும். அந்தக் குட்டி முழு வெள்ளையாக, பார்க்கத் திடமாகப் பிறக்கும். எழுந்து நிற்கும், பால் குடிக்கும். சில மணி நேரத்தில் வயிற்றுவலியில் புரள ஆரம்பிக்கும். குடலை அசைக்கும் நரம்புகள் அதற்கு உருவாகியே இருக்காது. சாணம் வெளியேறாது. வைத்தியம் கிடையாது, ஓரிரு நாளில் போய்விடும், அதற்குள் டாக்டரைக் கூப்பிட்டு வலியில்லாமல் முடித்துவைப்பார்கள். ஈடிஎன்ஆர்பி என்ற மரபணுவில் இதற்கான மாற்றத்தை 1998-ல் கண்டுபிடித்தார்கள். சோதனைக்கும் சில முடிகள் போதும்.

விஷயம் என்னவென்றால், ஃப்ரேம் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெற்றியில் ஒரு கீற்று வெள்ளை, மற்றபடி ஒரே நிறம் என்று நிற்கும் குதிரையின் உள்ளேயும் அது இருக்கலாம். அளவுநாடா அதை சாலிட் என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட குதிரையை யாரும் சோதிக்க மாட்டார்கள். பத்திரமில்லாமல் கைமாறி, பெயர் மாறி, நாலாவது ஆளிடம் போகும்போது அதன் அப்பா ஃப்ரேம் என்பது யாருக்கும் தெரியாது. அவர் தன் பெண்குதிரையோடு சேர்ப்பார். பதினோரு மாதம் காத்திருந்து, வெள்ளைக் குட்டியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்படுவார்.

மேனியில் அடையாளம் இருக்கும் குதிரை தன்னைப் பற்றித் தானே கொஞ்சம் சொல்லிவிடும். அடையாளம் இல்லாத குதிரைக்குத்தான் பத்திரம் பேச வேண்டும். பதிவேடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: எதற்கு அதிக விவரம் தேவையோ அதற்குக் குறைந்த விவரம்.

பத்திரம் இல்லாத குதிரையின் சந்தை நிலவரமும் ஒரு காரணம். அமெரிக்காவில் குதிரை வெட்டும் கூடங்கள் 2007-ல் மூடப்பட்டன. லாரிகள் நிற்கவில்லை, கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின. ஏலத்தில் விலை போகாத குதிரைக்கு அந்த லாரி ஒரு சாத்தியம். பத்திரம் ஒன்றே காப்பாற்றிவிடாது. ஆனால் இன்ன வம்சம், இன்ன வயது என்று எழுத்தில் இருக்கும் குதிரையை வாங்க ஒரு கை கூடுதலாக உயரும் என்பது ஏலக் கொட்டகையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எல்லா இனத்துக்கும் ஒரே விதி என்று நான் சொல்லவில்லை. ஃபிரீசியன் என்றால் கருப்பு, நெற்றியில் சின்ன வெள்ளைக்கு மேல் சகிக்க மாட்டார்கள். சிவப்பு மரபணு ஒளிந்திருக்கிறதா என்று பொலிகுதிரைகளைச் சோதித்தே எடுக்கிறார்கள். கருப்பு நிலைக்கும் என்பதால் அங்கே அது நடக்கிற காரியம். பாலோமினோ பொன்னிறம் நேர் எதிர். இரண்டு பாலோமினோ சேர்ந்தால் பாதிக்குப் பாதிதான் பாலோமினோ, மீதி சிவப்பும் வெளிர் கிரீமும். அதை வைத்து நிறப் பட்டியல் போடலாம், இனம் உண்டாக்க முடியாது. அப்பலூசாவும் பெயிண்ட்டும் இனமாகவும் இருக்க வேண்டும், நிறப் பட்டியலாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதால்தான் இத்தனை பின்வரிசைகள்.

நெஸ் பெர்ஸ் மக்களே 1990-களின் நடுவில் ஐடஹோவின் லாப்வாயில் மறுபடி ஒரு இனத்தை ஆரம்பித்தார்கள். அப்பலூசாவோடு மத்திய ஆசியாவின் அகால்-டெகே குதிரை இனத்தைக் கலந்தார்கள். நீண்ட கால், ஒல்லி உடம்பு, தூரம் ஓடும் மூச்சு. அவற்றில் பல குதிரைகளுக்குப் புள்ளி எடுப்பாக இல்லை. பொன்னிறமும் வெளிர்மஞ்சளுமாக இருக்கின்றன.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் கொட்டினேன். அவர் மறுத்தார், அதுவும் லேசாக இல்லை. "எல்லாத்துக்கும் '#' கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? எல்லோரும் போட்டியில ஜெயிக்கிற குவார்ட்டர் குதிரையோடயே சேர்ப்பாங்க. புள்ளி போனாலும் நஷ்டமில்லைன்னு ஆயிடும். என் பேத்தி காலத்துல அப்பலூசான்னு பத்திரம் இருக்கும், குதிரை குவார்ட்டரா இருக்கும்" என்றார். அந்த 'என்' எழுத்துதான் வளர்ப்பவனைப் புள்ளியின் பக்கம் இழுத்துப் பிடிக்கும் கயிறு என்பது அவர் கட்சி.

இதில் பாதி உண்மை இருக்கிறது. இனப்பெருக்கத்துக்கான கட்டுப்பாடு இருக்கட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். 'என்' குதிரைக்குத் துணை முழுப்பதிவுக் குதிரைதான் என்ற விதி புள்ளியைக் காக்கும். நான் கேட்பது வேறு. முதல் பதிவிலேயே எல்பி எத்தனை பிரதி, பேட்டர்ன்-1 உண்டா, பெயிண்டானால் ஃப்ரேம் உண்டா என்று பத்திரத்திலேயே அச்சிட வேண்டும், புள்ளியுள்ளது இல்லாதது எல்லாவற்றுக்கும். போட்டிக்கென்று தனி அனுமதி கேட்பதை விட்டுவிட வேண்டும், காயடித்த குதிரைக்காவது. அது இனத்தை எந்த வழியில் கெடுத்துவிடப் போகிறது? இதற்கு மட்டும் அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. குட்டியின் விண்ணப்பத்தோடு மரபணுச் சோதனைக்கும் சேர்த்துக் காசோலை எழுதிக் கொடுத்தார். செம்பழுப்புக் குட்டிக்கு எல்பி இல்லை என்று வந்தது, எதிர்பார்த்ததுதான். பேட்டர்ன்-1 ஒரு பிரதி இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது என்று இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.